விலகும்போதும் பொறுப்பு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மியான்மரில் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின், நார்வே அரசு பெரும்பங்கு வைத்திருக்கும் டெலினார் நிறுவனம், அங்கு நடத்திவந்த கைபேசிச் சேவையை 2022 மார்ச்சில் லெபனானின் எம்1 குழுமத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. ராணுவ ஆட்சியின் ஒட்டுக்கேட்புக்குத் துணைபோக மறுத்தது சரியே. ஆனால் யார், யாரிடம், எப்போது, எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள்ளிருந்து பேசினார்கள் என்ற பதிவுகளும் அந்த விற்பனையோடு கைமாறியது பெரும் வேதனை. தலைமறைவாக இருப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

விலகுவதால் மக்களுக்கு நேரக்கூடிய தீங்கையும் எடைபோட வேண்டும் என்றே 2011இல் ஐ.நா. மனித உரிமைகள் மன்றம் ஏற்ற, நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. மியான்மரின் யாங்கோன் நகரில் ராணுவ நிறுவனத்தின் குத்தகை நிலத்தில் துறைமுகம் அமைத்த அதானி துறைமுக நிறுவனமும் 2023இல் அதை விற்று வெளியேறியது. எனவே, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முன்னணி 1,000 நிறுவனங்களிடம் இந்தியப் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கோரும் பொறுப்பு அறிக்கையில், மோதல் நிலவும் நாடுகளில் நுழைவதற்கும் விலகுவதற்கும் தனிப் பகுதி சேர்க்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்