ஆண்டு விழாவுக்கு மட்டுமா ஆட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஆண்டு விழாக்கள் நடைபெறும் இந்த மாதங்களில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மேடையில் ஆடும் படங்கள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வெளிவருகின்றன. பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆயினும், வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் அவர்களில் நன்றாக ஆடக்கூடிய எட்டுப் பேரைப் பொறுக்கியெடுத்து, வாரக்கணக்கில் ஒரே திரைப்பாட்டுக்குப் பழக்கி, வாடகை உடையில் மேடையேற்றுவதோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் கைதட்ட உட்கார வைக்கப்படுகிறார்கள். (அந்தப் பாட்டுகளில் சில ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொருந்துமா என்பது தனிக் கடிதத்துக்குரிய பொருள்.)

ஆட்டமும் உடலசைவும் தொடக்க வகுப்புகளில் அன்றாடப் பாடமுறையாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இது புதிய கோரிக்கையும் அன்று. 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்காக 2022 ஜூன் மாதம் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் வகுப்பறைகளில் ஆடல் பாடல் களத்துக்கென்றே இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் நான் பார்த்த பல வகுப்பறைகளில் அந்தக் களம் சுவரில் ஒட்டிய வண்ண அட்டையாகவே நின்றுவிட்டது.

‘பாடம்’ என்று சொல்லச் சொன்னால் சரியாகச் சொல்லும் பிள்ளை, எழுதும்போது துணைக்காலை விட்டுவிட்டுப் ‘படம்’ என்று எழுதுவதைத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் எவரும் அறிவர். சிவப்பு மையால் நூறு முறை திருத்தினாலும் போகாத இந்தப் பிழைக்கு, குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை விரித்து இரண்டு தட்டு நேரம், மெய்க்கு விரல் நொடிப்பு என்று வகுப்பு முழுவதும் எழுந்து நின்று ‘கல், கால்’, ‘பல், பால்’ என்று தாளம் போட்டுச் சொல்லும் பயிற்சி நல்ல மருந்து. எழுத்தின் நீளம் காதுக்கு எட்டுவதற்கு முன்பே கைக்கு எட்டிவிடுகிறது. கண்ணிமைப்பையும் கைநொடிப்பையும் கொண்டே எழுத்தொலியின் கால அளவான மாத்திரையை அளந்தது தொல்காப்பியம். உடலால் அளந்த அந்த அளவை நாம் பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

எழுத்து வடிவத்துக்கும் இது பொருந்தும். தரையில் சுண்ணக்கட்டியால் பெரிதாக ‘ட’ வரைந்து, மேலிருந்து நேரே நடந்து, மூலையில் திரும்பி, வலப்பக்கம் போய் நிற்கச் சொல்லுங்கள். பிறகு ‘ப’ வரைந்து, அதே திருப்பத்துக்குப் பின் மீண்டும் மேலே ஏறச் சொல்லுங்கள். இடம் வலம் மாற்றி எழுதும் பிள்ளை எந்தத் திருப்பத்தில் தடுமாறுகிறது என்பது நோட்டில் தெரிவதைவிடத் தரையில் தெளிவாகத் தெரியும். ‘தகிட, தகிட’ என்று மூன்றெழுத்துத் தாளச்சொல்லுக்கு அடியெடுத்து வைத்து ஒவ்வொரு மூன்றாவது அடியையும் ஓங்கி மிதித்து எண்ணினால் 3, 6, 9, 12 என்று வாய்ப்பாடு காலிலேயே ஏறிவிடும். நான்காம் வாய்ப்பாட்டுக்குத் ‘தகதிமி’ இருக்கிறது. கும்மியும் கோலாட்டமும் வட்டம், வரிசை, இணை ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கத் தனிக் கருவி கேட்பதில்லை. எழுந்து நிற்க இயலாத பிள்ளையும் கைத்தாளத்தில் முழுமையாகச் சேர்ந்துகொள்ள முடியும் என்பதை மேடை நடனத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்று கேட்பார்கள். 2012இல் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, இசை போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேர் நியமிக்கப்பட்டபோதும் அவர்கள் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கே. தொடக்கப் பள்ளிக்கு இசையோ உடற்கல்வியோ கற்பிக்கத் தனி ஆசிரியர் வரவில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பல வகுப்புகளைக் கட்டி மேய்த்துக்கொண்டே செயலியில் பதிவேற்றவும் வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் நான் சொல்வது நடனம் பயின்றவர்கள் செய்ய வேண்டிய வேலை அன்று. வகுப்பாசிரியரே, பாடத்துக்குள்ளேயே, பத்து நிமிடம் செய்யக்கூடியது. பக்கத்து வகுப்புக்குச் சத்தம் கேட்குமென்றால் வேப்பமர நிழல் இருக்கிறது. “ஆட்டம் போடவா பள்ளிக்கு அனுப்புகிறோம்?” என்று கேட்கும் பெற்றோரை ஒரு நாள் அழைத்து வாய்ப்பாட்டு ஆட்டத்தைக் காட்டிவிட்டால், பெரும்பாலோர் அதன் பிறகு கேட்கமாட்டார்கள்.

ஆகவே கல்வித்துறையிடம் நான் கேட்பது இரண்டுதான். அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் காணொலி போட்டுக் காட்டுவதற்குப் பதிலாக, ஆசிரியர்களையே எழுந்து நின்று இவற்றைச் செய்து பழக வைக்க வேண்டும். அதற்கு அந்தந்த வட்டாரத்தின் கும்மி, ஒயிலாட்டக் கலைஞர்களை உரிய மதிப்பூதியம் கொடுத்து அழைக்கலாம். அடுத்து, பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர்கள் பிள்ளைகள் எழுந்து ஆடிக்கொண்டிருக்கும் வகுப்பைக் கட்டுப்பாடற்ற வகுப்பு என்று குறிப்பேட்டில் எழுதக் கூடாது என்பதைத் துறை ஒரு சுற்றறிக்கையாகவே அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.