படித்துறை திருப்பணி முடிஞ்சுதுங்க, உறுப்பினர்களுக்கு கணக்கு

எல்லாருக்கும் வணக்கமுங்க. பவானியில நம்ம தெரு ஆத்தோரப் பிள்ளையார் கோயிலும் அதையொட்டின படித்துறையும் வேலை முடிஞ்சு போன வாரம் கும்பாபிஷேகமும் நல்லபடியா ஆச்சு, பணம் அனுப்பிட்டு வரமுடியாம போன வெளியூர்க்காரங்களுக்காகத்தான் இதை எழுதறோம்.

கோயில்ல தளம் மாத்தி பெயிண்ட் அடிச்சாச்சு. படித்துறைதான் பாடாப்படுத்திடுச்சுங்க. ஜூன் 12 மேட்டூர் டேம் தொறந்தா இங்க தண்ணி ஏறிடும்னு தெரிஞ்சும் போன வருசம் கல்லு வர லேட்டாகி, கீழ்ப்படி பூச்சு காயறதுக்குள்ள காவேரி வந்து கொண்டுபோயிட்டா. அப்புறம் தண்ணி வடியற வரைக்கும் காத்திருந்து கருங்கல்லாவே பதிச்சோம், இனி அசையாது.

சுவத்துல ஊர் வரலாறு எதுக்கு எழுதினீங்க, அது தண்டச்செலவு இல்லையான்னு சில பேரு கேட்டிருந்தீங்க. திதி குடுக்க வர்றவங்க கூடுதுறைல முழுக்குப் போட்டுட்டு அப்படியே பஸ் ஏறிடறாங்க, அது எங்களுக்கு மனசுக்கு ஆகலைங்க. நீலகிரில பொறந்து கேரளா பக்கம் போயிட்டு மறுபடி நம்மகிட்டயே திரும்பி வர்ற பவானி, வடக்க இருந்து வர்ற காவேரி, கண்ணுக்குத் தெரியாத அமுதநதி, இது மூணும் சேர்ற எடத்துலதான் நிக்கறோம்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா? சம்பந்தர் திருநணான்னு பாடின ஊரு இது. 13ஆம் நூற்றாண்டுல காளிங்கராயர் கட்டின அணை பக்கத்துலயே இருக்கு, அந்த வாய்க்கால் இன்னைக்கும் பாயுது. அப்புறம் வெள்ளைக்கார கலெக்டர் வில்லியம் காரோ, கூடுதுறை சங்கமேஸ்வரர் கோயில் வேதநாயகி அம்மன் தன் உசுரைக் காப்பாத்தினான்னு நம்பி 1804-ல தந்தக்கட்டில் குடுத்தவரு, அவரு வெளிய நின்னே அம்மனைப் பாக்க அந்தக் கோயில் மதில்ல மூணு தொளை போட்டாங்கன்னு சொல்வாங்க இல்லீங்களா, அதையும் எழுதியிருக்கு. சாயங்காலம் அந்தப் படில உக்காந்து அக்கரை குமாரபாளையத்துல லைட்டு எரியறதைப் பாருங்க, எந்திரிக்கவே மனசு வராது.

அன்னதானப் பந்திக்கு நம்ம நெசவாளர் வீடுகள்ல இருந்துதான் புது ஜமக்காளமா கொண்டாந்து விரிச்சாங்க, அவங்களுக்குப் பெரிய நன்றி.

வரவு செலவு நோட்டும் பில்லும் கோயில்லயே இருக்கு, யார் வேணா எடுத்துப் பாக்கலாம். மிச்சப் பணம் விளக்கு எண்ணெய்க்கும், வெள்ளம் வடிஞ்சா படில தங்கற சேறு அள்ளறதுக்கும். ஆடி 18 அன்னிக்கு படில கயிறு கட்டிக் காவல் நிக்க நீச்சல் தெரிஞ்ச பசங்க வேணும், வர முடிஞ்சவங்க இப்பவே பேரு குடுத்துருங்க.