வெளிநாடு போகிற பிள்ளையின் கையில் வரி பற்றி ஒரு தாள் கொடுங்கள்

மதிப்புக்குரிய உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகம் அவர்களுக்கும், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சொல்லவரும் விஷயம் உங்கள் இரண்டு இடங்களுக்கும் நடுவில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. மலையகத் தோட்டங்களில் இருந்து குவைத், சவூதி, கட்டார், துபாய் என்று வேலைக்குப் போனவர்கள் இலங்கைக்கு வரி கட்டவேண்டுமா? வருமானத்தைக் காட்டும் வரி விபரத்திரட்டு கொடுக்கவேண்டுமா? டின் நம்பர் என்ற வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் எடுக்கவேண்டுமா? இவற்றுக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி அவர்களுக்குச் சாதகமாகவும் இருக்கிறது. அதை அவர்கள் பாஷையில் உட்கார்ந்து சொல்லத்தான் ஆளில்லை. ஆளில்லாத அந்த நாற்காலியில் புரோக்கர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஹட்டன் டவுனில் போட்டோ கொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம் என்று கடை வைத்திருக்கிறேன். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவ பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கை. அஸ்வெசும நலன்புரி உதவிக்கான மேன்முறையீடும் அடையாள அட்டை விண்ணப்பமும் நிரப்பிக்கொண்டிருந்த கடைக்கு 2024 ஜனவரியில் புது வேலை சேர்ந்தது. 18 வயது நிரம்பியவர்கள் எல்லோரும் வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் எடுக்கவேண்டும் என்ற விதி அந்த மாதம்தான் தொடங்கியது. எடுக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை தண்டம் என்ற செய்தி ஒரே வாரத்தில் கடைசித் தோட்டத்துக் கடைசி லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) வரைக்கும் போனது. டின் எடுத்தவரெல்லாம் வரி கட்டவேண்டியதில்லை என்று பிறகு சொல்லப்பட்ட விளக்கம் கினிகத்தேனைக்கு மேலே ஏறி வரவில்லை.

ரியாதில் வீட்டு வேலை செய்யும் பெண்ணின் அம்மா ஒருவர் கடைக்கு வந்து கேட்டது இது: "தம்பி, டின்னு எடுக்காட்டி புள்ள வந்து எறங்குனோடன எயார்போட்லயே புடிச்சிருவாங்களாமே, நெசமா?" சிரிக்காதீர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் ஒரே நாளில் நாடற்றவர்களாகி, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் காகிதத்துக்காக அலைந்த சனம் இது. அரசாங்க முத்திரை குத்திய எந்தக் கடிதத்தையும் எங்கள் பெரியவர்கள் முதலில் பயந்துதான் பிரிப்பார்கள்.

சட்டம் சொல்வதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன், பிழையிருந்தால் திருத்துங்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் குடியுரிமையைப் பார்த்து வரி கேட்கவில்லை, வதிவைப் பார்த்துத்தான் கேட்கிறது. இங்கே வசிப்பவர் உலகத்தில் எங்கே உழைத்தாலும் கணக்குக் காட்டவேண்டும். வதிவற்றவர் இலங்கைக்குள் உண்டாகும் வருமானத்துக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். ஆகவே இரண்டு வருட ஒப்பந்தத்தில் குவைத்தில் இருக்கிற பெண், அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி கட்டவேண்டியதில்லை. அவர் மாதாமாதம் அம்மாவுக்கு அனுப்பும் செலவுக் காசும் அம்மாவின் வருமானம் ஆகாது. இந்த இரண்டு வசனத்தைச் சொல்வதற்குத்தான் சில புரோக்கர்மார் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அதிலும் பாதிப் பேர் வாங்கிக்கொண்டு மாற்றிச் சொல்கிறார்கள்.

குழப்பம் வரும் வழிகளையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். எங்கள் பிள்ளைகள் போனில் பார்ப்பது தமிழ்நாட்டு யூடியூப். அங்கே ஒருவர் 'ஜூலை 31க்குள்ளே ரிட்டர்ன் போடணும், என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) ஆக 182 நாள் கணக்கு' என்கிறார். அவர் சொல்வது சரிதான், ஆனால் அது இந்தியச் சட்டம். எங்கள் மதிப்பீட்டு ஆண்டும் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30, நாட்டில் தங்கிய நாளை வைத்து வதிவாளரா என்று பார்க்கும் கணக்கு 183. தோஹாவில் இருந்து ஒரு பையன், தனக்கு இந்திய வரி அட்டையான பான் கார்டு வேண்டுமா என்று வட்ஸ்அப்பில் கேட்டான். நீலகிரியில் இருக்கும் சித்தப்பா வைத்திருக்கிறாராம், அதனால் தனக்கும் வேண்டுமோ என்று சந்தேகம்.

இன்னொரு பக்கம் அமெரிக்க வீடியோக்கள். அமெரிக்கா வேறு மாதிரி. அந்நாட்டுக் குடிமகன் எந்த நாட்டில் இருந்தாலும், வருமானம் அவர்கள் வைத்த அளவைத் தாண்டினால் வருடாவருடம் விபரத்திரட்டுக் கொடுக்கவேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு ஏப்ரல் 15க்குப் பதிலாக ஜூன் 15 வரை தவணை உண்டு. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் உள்ள பணம் மொத்தமாக வருடத்தில் ஒருநாள் 10,000 டொலரைத் தாண்டினாலும் தனியாக அறிவிக்கவேண்டும். எரித்திரியா வெளிநாட்டில் உள்ள தன் மக்களிடம் வருமானத்தில் 2 சதவீதம் கேட்கிறது. உலகத்தில் குடியுரிமையைக் காட்டி இப்படி வரி கேட்பது அபூர்வம். ஆனால் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுக்கு வரி என்று எல்லோரும் பொதுவாகப் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, அந்த 15 சதவீதக் கதை. 2025 ஏப்ரல் 1 முதல், இங்கே இருந்துகொண்டு வெளிநாட்டவருக்குச் சேவை செய்து வங்கி மூலம் வெளிநாட்டு நாணயமாக வாங்குகிறவருக்கு, முன்பிருந்த விலக்குப் போய், கூடியது 15 சதவீத வரி வந்தது. பண்டாரவளையில் லெப்டொப்போடு உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்யும் தம்பிக்கு இது பொருந்தும். தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தபோது இதுவே 'வெளிநாட்டுக் காசில் நூற்றுக்குப் பதினைந்து வெட்டுவான்' என்று ஆகிவிட்டது. கேட்டவர்கள் சிலர் வங்கியை விட்டு, ஆள் மூலம் காசைக் கைமாற்றும் உண்டியலுக்குப் போனார்கள். வெளிநாட்டு ஊழியர் 2024இல் அனுப்பிய பணம் 650 கோடி அமெரிக்க டொலரைத் தாண்டியது என்று பெருமையாகச் சொல்கிற நாட்டில், ஒரு விளக்கத் தாள் இல்லாததால் காசு உண்டியலில் போகிறது.

உண்மையாகவே காசு வெட்டுப்படும் இடம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. நிலையான வைப்பு வட்டி. மகள் அனுப்பியதில் மிச்சம்பிடித்து அம்மா பெயரில் பத்து இலட்சம் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். வருடத்துக்கு 8 சதவீதம் என்றால் வட்டி 80,000 ரூபாய். 2025 ஏப்ரலில் இருந்து வங்கி அதில் 10 சதவீதத்தை, அதாவது 8,000 ரூபாயை, வரியாக நிறுத்திக்கொள்கிறது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால் ஆறு நாள் மலையில் நின்று கொழுந்து பறித்த காசு. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர் அந்த வெட்டைத் தவிர்க்க வங்கியில் ஒரு பிரகடனம் கொடுக்கலாம். கொடுக்க டின் நம்பர் வேண்டும். ஆக, டின் என்ற இலக்கம் தோட்டத்துத் தாய்க்குப் பயப்பட வேண்டிய ஒன்றாக இல்லாமல் அவருடைய காசைக் காப்பாற்றும் ஒன்றாக இருக்கிறது. தண்டத்தைப் பற்றி அவ்வளவு சத்தமாகப் பேசியவர்கள் இதைக் கொஞ்சமாவது சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

கட்டவேண்டியவர் கட்டத்தான் வேண்டும், அதிலே எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. துபாயில் நல்ல வேலையில் இருந்துகொண்டு டவுனில் நாலு கடை அறை கட்டி வாடகைக்கு விட்டிருப்பவருக்கு, அந்த வாடகை இலங்கை வருமானம். 18 இலட்சம் நிவாரணம் இலங்கைக் குடிமகன் என்ற முறையில் வதிவற்ற அவருக்கும் உண்டு. அதற்கு மேலே போனால் முதல் பத்து இலட்சத்துக்கு 6 சதவீதத்தில் தொடங்குகிறது. அப்படிப்பட்டவர்களும் எங்கள் கடைக்கு வருகிறார்கள். 'நான்தான் வெளிநாட்டில் இருக்கிறேனே, எனக்கென்ன' என்பார்கள். வீட்டு வேலைக்காரப் பெண் இல்லாத வரிக்குப் பயந்து தூங்காமல் கிடக்க, உள்ள வரிக்காரர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

இனிப் புரோக்கர் விஷயம். டின் பதிவை ஒன்லைனில் செய்யும்போது மின்னஞ்சலும் போன் நம்பரும் கேட்கும். தோட்டத்துப் பெண்ணுக்கு மின்னஞ்சல் ஏது? புரோக்கர் தன்னுடையதைப் போட்டுவிடுகிறார். சில நேரம் ஒரே மின்னஞ்சலில் ஒரு லயமே தொங்குகிறது. பெண் விமானம் ஏறிவிடுவார். பிறகு அவருக்கு வரும் அறிவித்தலும் கடவுச்சொல்லும் புரோக்கரின் போனில்தான் இருக்கும். மாற்றித்தரச் சொன்னால் மறுபடியும் காசு. குவைத்திலும் ரியாதிலும் இருக்கும் இலங்கைத் தூதரகங்களின் தொழிலாளர் நலப் பிரிவில் கடவுச்சீட்டைக் காட்டி இந்த விவரங்களைத் திருத்திக்கொள்ள ஒரு வழி செய்துகொடுத்தால், பாதிப் புரோக்கர்மாருக்கு வேலை போய்விடும்.

காகிதக் கடிதம் இன்னும் மோசம். லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவ்வளவுதான். தபால் தோட்டத்து ஒபிசில் இறங்கும். அங்கே மேசையில் கிடந்து, யாராவது அந்தப் பக்கம் போகிறவர் கையில் வந்து, ஒரே பெயரில் இருக்கும் மூன்று மகேஸ்வரிகளில் சரியான மகேஸ்வரியைத் தேடிச் சேரும்போது மாதம் கடந்திருக்கும். ஒரு வரி மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால் மீளாய்வு கேட்கச் சட்டம் தரும் காலம் 30 நாள். பெயருக்கு உரியவர் சவூதியில், கடிதம் ஒபிஸ் மேசையில், 30 நாள் எண்ணிக்கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தோட்டத்து முகவரிக்கு அனுப்பும் எதற்கும், கையில் கிடைத்த நாளில் இருந்து அந்த 30 நாளை எண்ண வழிசெய்யுங்கள்.

பணியகத் தலைவர் அவர்களே, இனி உங்களிடம். வெளிநாடு போகிறவரின் ஒப்பந்தம், பறக்கும் திகதி, திரும்பும் திகதி எல்லாம் உங்கள் பதிவில் இருக்கின்றன. அவர் வதிவாளரா இல்லையா என்பதை நிரூபிக்க அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஆனால் சட்டத்தில் 183 நாளுக்கு முன்னால், 'இலங்கையில் வசிப்பவர்' என்று நாள் கணக்கே இல்லாத ஒரு விதியும் நிற்கிறது. பிள்ளைகளும் அம்மாவும் பொகவந்தலாவையில் இருக்க, இரண்டு வருடம் குவைத்தில் இருப்பவர் எங்கே வசிக்கிறார்? புறப்பட்டுப் போன வருடம் என்ன கணக்கு? 183 நாளைப் பார்க்கும் பன்னிரண்டு மாதம் அந்த மதிப்பீட்டு ஆண்டில் தொடங்கினாலும் போதும், முடிந்தாலும் போதும். ஆகவே ஓகஸ்டில் விமானம் ஏறியவரைக்கூட அந்த வருடத்துக்கு வதிவாளர் என்று எண்ண இடமிருக்கிறது. வீட்டு வேலைப் பெண்ணுக்கு இதனால் கேடில்லை. 1,200 ரியால் சம்பளம், ரியால் 80 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 96,000, முழு வருடமும் 12 இலட்சத்தைத் தொடாது. கட்டாரில் கனரக வாகனம் ஓட்டுபவருக்கும் தாதிக்கும் இந்தக் கேள்வி உண்மையானது. பணியகத்தில் பதிந்த ஒப்பந்தத்தை வதிவற்ற நிலைக்குச் சான்றாக ஏற்கிறோம் என்றும், புறப்பட்டுப் போன வருடத்தின் கணக்கு இதுதான் என்றும் ஆணையாளர் நாயகம் எழுத்தில் சொல்லவேண்டும்.

அதைப் புறப்படுமுன் நடத்தும் பயிற்சியிலேயே ஒரு தாளாகக் கொடுங்கள். ஒரு பக்கம் போதும். உழைக்கும் சம்பளத்துக்கு இங்கே வரியில்லை, வீட்டுக்கு அனுப்பும் காசுக்கு வரியில்லை, இங்கே வாடகையோ வியாபாரமோ இருந்தால் நவம்பர் 30, அம்மா பெயரில் வைப்பு இருந்தால் வங்கியில் பிரகடனம், சந்தேகமென்றால் இறைவரித் திணைக்களத்தின் 1944 என்ற போன் இலக்கம். மறுபக்கம் பெயர், ஒப்பந்த இலக்கம், பணியகத்தின் முத்திரை. இதே தாளைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்திலும் தபாற்கந்தோரிலும் ஒட்டலாம். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் அதைத் தமிழில் கொடுப்பது சலுகை அல்ல, 1988இன் 16ஆம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் நிருவாக மொழிதான்.

அச்சுக்குப் போடுமுன் வரைவை எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு அனுப்புங்கள். வருகிற அம்மாமாருக்கு வாசித்துக்காட்டி, எந்த வரியில் முழிக்கிறார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறோம். கொப்பிக் காசுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஹட்டனில் போம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவன்