நாயின் தாடை உடைந்தால்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மழையும் மூடுபனியும் இறங்கிவிட்டால் கோத்தகிரியில் வண்டியில் அடிபட்ட நாய்கள் அதிகம் வரும். தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமையிடம் மாட்டியவையும் வரும். வாய் கோணி, எச்சிலோடு ரத்தம் வழிய நிற்பதைப் பார்த்து, "இன்றைக்கே எலும்பைச் சேர்த்து அனுப்பிவிடுங்கள் டாக்டர்" என்கிறீர்கள். அந்தப் பதற்றம் புரிகிறது. ஆனால் முகத்தில் விழுந்த அடி மூளையையும் நெஞ்சையும் தாக்கியிருக்கலாம். மூச்சு சீரான பிறகுதான் மயக்க மருந்து.

தாடையில் எலும்பு கூடினால் மட்டும் போதாது, பல் பொருந்த வேண்டும். உங்கள் நாயின் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். கீழ்க் கோரைப்பல், மேல் கோரைப்பல்லுக்குச் சற்று முன்னால் உள்ள இடைவெளியில் கச்சிதமாக வந்து உட்காரும். அது கொஞ்சம் பிசகினாலும் வாய் மூடாது, பல் அண்ணத்தில் குத்தும். மயக்க மருந்துக் குழாய் வாய்வழியே போனால் வாயை மூடிச் சரிபார்க்க முடியாது. அதனால் தாடைக்கு அடியில் சிறு துளையிட்டு, குழாயை அதன் வழியே வெளியே எடுக்கிறோம். அந்தத் தையலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கீழ்த்தாடைக்குள் பெரும்பகுதி பல் வேர்தான். நினைத்த இடத்தில் திருகாணி போட முடியாது. ஆகவே முடிந்தவரை பற்களையே கம்பியால் பிணைத்து, மேலே பல் சிகிச்சைப் பிசின் பூசுகிறோம். எலும்பு நொறுங்கியிருந்தால் சி.டி. ஸ்கேனும் டைட்டானியம் தகடும் தேவைப்படலாம். அதற்கு மலையிறங்கச் சொல்வோம். கைகழுவுகிறோம் என்று நினைக்காதீர்கள், நாங்களே பேசி ஏற்பாடு செய்கிறோம்.

வயதான பொமரேனியன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஈறு நோய் முற்றினால் தாடை எலும்பு அரித்துப்போய், சின்ன அடியிலேயே முறியும். அந்த எலும்பில் கம்பியும் சரியாக நிற்காது. தயவுசெய்து பல் சுத்தம் செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எலும்பு கூட 6 முதல் 8 வாரம் ஆகும், குட்டிகளுக்கு இன்னும் சீக்கிரம். அதுவரை அரைத்த கூழ் உணவுதான். சில நாய்களுக்குக் கழுத்தில் வைத்த குழாய் வழியே ஊட்ட வேண்டியிருக்கும். எலும்பு, பந்து, கயிறு இழுக்கும் விளையாட்டு எதுவும் கூடாது.

அப்புறம், அடிபட்ட நேரத்தில் வாயை இறுக்கிக் கட்டாதீர்கள். மூக்கில் ரத்தம் அடைத்திருந்தால் வாய்தான் மூச்சுக்கு வழி. வீட்டிலிருக்கும் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். வலியில் உங்களையே கடிக்கலாம், கம்பளியால் சுற்றித் தூக்குங்கள். கிளம்பும்போதே போன் செய்துவிட்டால் ஆக்சிஜனைத் தயாராக வைத்திருப்போம்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருத்துவர்,
கோத்தகிரி