டைவிங் போகிறவர்கள் மாத்திரையில் கவனம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையிலிருந்து ஸ்கூபா டைவிங் செய்ய வெளிநாடு போகிறவர்கள், டிக்கெட் போட்ட கையோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாலத்தீவு, இலங்கைக்கு மலேரியா மாத்திரை தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015, 2016-இல் அவற்றை மலேரியா இல்லாத நாடுகள் என்று அறிவித்துவிட்டது. கென்யக் கடற்கரை அப்படியல்ல.

மருத்துவரிடம் "டைவிங் செய்யப் போகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மெஃப்ளோகுயின் என்ற மலேரியா தடுப்பு மாத்திரை தலைசுற்றல், பதற்றம் தரக்கூடும். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வருவதால் உடலில் நைட்ரஜன் குமிழி உண்டாகும் கோளாறிலும் தலை சுற்றும். எதனால் என்று பிரித்தறியத் திணறினால் சிகிச்சை தாமதமாகும்; உயிருக்கே ஆபத்து.

இன்னொரு மலேரியா தடுப்பு மாத்திரையான டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று, கிளம்ப 1-2 நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்து, உடனே படுக்காமல் இருங்கள். மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டினால் புண்ணாகிவிடும். இதைச் சாப்பிடும்போது படகில் வெயில் பட்டால் தோல் எளிதில் வெந்துபோகும். ஊர் திரும்பியும் 4 வாரம் தொடர வேண்டும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்ற கூட்டு மாத்திரை என்றால் 7 நாள். விமானம் இறங்கியதும் நிறுத்துவதுதான் பெரிய தவறு. கல்லீரலில் பதுங்கிய கிருமி இரத்தத்துக்கு வருவது அதன் பிறகும்தான்.

கென்யாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி 10 நாள் முன்பே, அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே. ஊசி போட்டதற்கான அட்டையின்றி இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமை வாசம். டிராவல்ஸ்காரர்கள் இதைப் பயணச்சீட்டோடு அச்சடித்துக் கொடுக்க வேண்டும்.

- மருந்தாளுநர், மதுரை