மூன்றாம் நாள் நான் விழுந்ததற்கான காரணம்

அன்புள்ள மகனுக்கு,

நாம் பாதிப் பயணத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்து இன்றோடு மூன்று வாரங்கள் ஆகின்றன. நேற்றுத் தொலைபேசியில் பேசும்போது, “இனிமேல் உங்கள் இருவரையும் இவ்வளவு தூரம் காரில் அலைக்கழிக்கப் போவதில்லை, அம்மா” என்று நீ சொன்னாய். அக்கறையில் சொன்ன சொல் அது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அந்த முடிவுக்கு நீ வருவதற்கு முன்பு தெரிந்திருக்க வேண்டிய சில செய்திகளை நான் உன்னிடமிருந்து மறைத்திருக்கிறேன். தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை முயன்றும் எனக்கு நா எழவில்லை. மகள் ஒருத்தி இருந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். மகனிடம் சொல்வதற்கு எழுத்துதான் துணை.

மூன்றாம் நாள் நண்பகலில், வண்டியிலிருந்து இறங்கி நாலடி வைப்பதற்குள் நான் தரையில் சரிந்ததை நீ வெயில் என்று நினைத்தாய், மருமகள் களைப்பு என்று நினைத்தாள், அப்பா வயது என்றார். மூன்றுமே ஓரளவு உண்மைதான். ஆனால் நான் விழுந்ததற்கு முதன்மையான காரணம், அன்று காலையிலிருந்து நான் இரண்டு வாய்த் தண்ணீருக்கு மேல் குடிக்கவில்லை என்பதே. மறந்து போய்க் குடிக்காமல் இருந்தேன் என்று எண்ணாதே. திட்டமிட்டே குடிக்காமல் இருந்தேன்.

இரண்டு ஆண்டுகளாகவே, சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற உணர்வு வந்தால் அதை அடக்கி வைக்க எனக்குச் சில நிமிடங்களுக்கு மேல் இயலுவதில்லை. வீட்டில் இது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஆனால், அடுத்த நிறுத்தம் எத்தனை மணி நேரம் கழித்து வரும் என்று தெரியாத காரில், ஐந்து பேருக்கு நடுவே, ஓட்டுகிறவனிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டிய நிலையில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய கவலை என்பதை உனக்கு எப்படிச் சொல்வது? பயணம் உறுதியான நாளிலிருந்தே எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது வழியில் பார்க்கப் போகும் இடங்களைப் பற்றிய நினைப்பன்று, அந்தக் கணக்குதான். அதனால் புறப்படுவதற்கு முந்தின இரவே தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன். இரத்த அழுத்தத்துக்காக நான் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளில் ஒன்று நீர் பிரியச் செய்வது. அதை முதல் இரண்டு நாள்களும் விழுங்காமல் பையிலேயே வைத்துவிட்டேன். கணுக்கால்கள் வீங்கத் தொடங்கியதைப் பார்த்துப் பயந்து மூன்றாம் நாள் காலையில் அதை விழுங்கினேன். ஆனால் அதற்கு ஈடாகத் தண்ணீரும் குடிக்க வேண்டும் என்பதைச் செய்யவில்லை.

முதல் இரண்டு நாள்களை எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பாய். பேரனைச் சாக்காக வைத்துச் சமாளித்தேன். “கண்ணா, உனக்குப் போக வேண்டுமா?” என்று நான் அவனை அடிக்கடி கேட்டதும், அவன் வேண்டாம் என்றாலும் “குழந்தை சொல்லத் தெரியாமல் இருப்பான், எதற்கும் நிறுத்து” என்று உன்னிடம் சொன்னதும், துணைக்குப் போகிறேன் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியதும் அவனுக்காக அல்ல. ஆறு வயதுக் குழந்தைக்காக ஒரே நாளில் ஐந்து முறை வண்டியை நிறுத்தியபோது உன் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. எனக்காகவும் அப்படித்தான் நிறுத்தியிருப்பாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவன் மருமகளின் மடியில் நான்கு மணி நேரம் அசையாமல் தூங்கிவிட்டான். எனக்குச் சாக்கு கிடைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

திரும்பி வந்த பிறகு மருத்துவர் என்னைப் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி மறுபடியும் பார்த்தார். படுத்திருந்தபோது 136 என்று இருந்த மேல் அளவு, நின்ற இரண்டாம் நிமிடத்தில் 108 ஆக இறங்கியிருந்தது. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் அந்த அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதைக் கவனிக்க வேண்டிய குறையாக மருத்துவம் கருதுகிறதாம். நாம் எழுந்து நிற்கும்போதெல்லாம் அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் கீழ்நோக்கி, கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. இளம் உடல் இரத்தக் குழாய்களைச் சுருக்கியும் இதயத் துடிப்பைக் கூட்டியும் நொடிகளில் அதைச் சரிசெய்துவிடுகிறது. என் வயதில் அந்தச் சரிசெய்தல் மெதுவாக நடக்கிறது. அதோடு உடலில் நீரும் குறைந்து, அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்து, மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவள் வெயிலில் சட்டென்று எழுந்தால் மூளைக்குப் போதிய இரத்தம் போய்ச் சேருவதில்லை. நான் தாகமே இல்லை என்று சொன்னதில் பொய் இல்லை. வயதானால் தாக உணர்வே மங்கிவிடும் என்றும், சிறுநீரகங்களும் நீரை முன்போல் மிச்சப்படுத்தித் தேக்கி வைப்பதில்லை என்றும், ஆகவே தாகம் எடுத்த பிறகு குடிக்கலாம் என்று காத்திருப்பது தவறு என்றும் அவர் சொன்னார்.

எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது அதற்கடுத்து அவர் சொன்ன செய்திதான். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் செறிந்து, சிறுநீர்ப்பையின் உட்சுவரை உறுத்தி, அந்த அவசர உணர்வை இன்னும் கூட்டுமாம். கிருமித் தொற்றுக்கும் வழிவிடுமாம். எந்தத் தொல்லைக்கு அஞ்சிப் பட்டினி கிடப்பதுபோல் தண்ணீரில்லாமல் கிடந்தேனோ, அந்தத் தொல்லையை நானே வளர்த்திருக்கிறேன். இதற்குப் பயிற்சி இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆர்னால்டு கீகல் என்ற மகளிர் நோய் மருத்துவர் 1948 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்த, இடுப்படித் தசைகளைச் சுருக்கித் தளர்த்தும் எளிய பயிற்சி அது. எனக்கு முன் எத்தனை பெண்கள் இதை வாய் திறந்து கேட்காமலே காலம் கழித்தார்களோ! இப்போது நாள்தோறும் மூன்று வேளை செய்கிறேன். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும் என்கிறார்கள். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மருத்துவரே மாற்றிக் கொடுத்திருக்கிறார். இனி நானாக எதையும் நிறுத்துவதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கால் வீக்கத்தைப் பற்றி நீ மிகவும் கவலைப்பட்டாய். இரண்டு கால்களிலும் ஒரே அளவாக இருந்ததாலும், கெண்டைக்காலில் வலியோ சூடோ இல்லாததாலும், இரத்தம் உறைந்ததால் வந்தது அல்ல என்று மருத்துவர் சோதித்துச் சொல்லிவிட்டார். ஆயினும் நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், விமானமானாலும் காரானாலும், கால் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறதாம். மொத்தத்தில் அது சிறிய அபாயம்தான் என்றாலும், அதற்காகவும் இடையிடையே இறங்கி நடக்க வேண்டும். ஆக, நான் கேட்கக் கூசிய நிறுத்தங்கள் உன் கால்களுக்கும் தேவையானவையே.

இனி அப்பாவைப் பற்றி. இதை அவரிடம் சொல்லிவிட்டே எழுதுகிறேன்; முதலில் முறைத்தார், பிறகு “எழுது” என்றார்.

இரண்டாம் நாள் மாலை, காலையிலிருந்து நீ ஓட்டிக் களைத்துவிட்டாய் என்று அவர் வண்டியை வாங்கிக்கொண்டார். இருட்டிய பிறகு திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டு வெகு தூரம் போன பின், “பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிட்டேன்” என்றார், நீயும் சிரித்தாய். அப்போது வண்டியில் யாருமே பேசிக்கொண்டிருக்கவில்லை. எதிரே வந்த லாரியின் விளக்கு அவர் கண்ணில் பட்டு, சாலையே மறைந்துவிட்டது என்பது அவருக்குப் பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும். விளக்கைச் சுற்றி ஒளிவட்டங்கள் தெரிவதாக அவர் ஓர் ஆண்டாகச் சொல்லி வந்தார். மாலை நேரத்து வேலைகளையெல்லாம் ஏதேதோ காரணம் காட்டிப் பகலுக்கு மாற்றி வந்தார். நானும் அவருடைய காரணங்களை நம்புவதுபோல் நடித்தேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போகிறது. மூன்று நொடிகள் கண் கூசியிருந்தால்கூட 66 மீட்டர், பின் இருக்கையில் குழந்தை இருக்க, பார்க்காமலே ஓட்டியிருக்கிறார். இந்தக் கணக்கை நான் போட்டுச் சொன்ன இரவில் அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். மறுநாள் காலையில் தாமாகவே கண் மருத்துவரிடம் போகலாம் என்றார்.

இரு கண்களிலும் புரை. வலக் கண்ணில் முற்றியிருக்கிறது. அடுத்த மாதம் அறுவை செய்கிறார்கள், சில வாரங்கள் கழித்து மற்றதற்கு. புரை இல்லாத கண்ணுக்கே 60 வயதில், 20 வயதில் கிடைத்த வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் விழித்திரை வரை போய்ச் சேருமாம். கருமணி இருட்டில் முன்போல் விரியாததும், கண்ணுக்குள் இருக்கும் வில்லையில் (லென்ஸில்) மஞ்சள் படிவதும் காரணம். அப்பாவைத் தேற்றியது இந்த விளக்கமெல்லாம் இல்லை. போரில் விமானக் கண்ணாடி உடைந்து அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கின் சில்லுகள் கண்ணுக்குள் தங்கிய விமானிகளுக்கு அந்தப் பொருளால் ஒவ்வாமை வரவில்லை என்பதைக் கவனித்த ஹரால்டு ரிட்லி என்ற மருத்துவர், அதைக் கொண்டே 1949 இல் முதல் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார் என்ற கதைதான். பொறியியல் படித்தவருக்கு அது போதும். இப்போது வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பார்வையைச் சோதித்து மருத்துவர் அனுமதிக்கும் வரை வண்டிச் சாவியைத் தொடுவதில்லை என்றும், அதன் பிறகும் இருட்டில் ஓட்டுவதில்லை என்றும் அவராகவே சொன்னார். நீ பிடுங்கிக்கொள்ளாமல் அவரே கொடுத்தார் என்பது அவருக்கு முக்கியம். ஆகவே உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள், ஆனால் பாராட்டாதே.

உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழி பார்க்க அலைபேசியை எடுத்தபோதெல்லாம் அதை நீ கையை நீட்டித் தள்ளிப் பிடித்தே படித்தாய். உனக்கு 43 வயது. கண்ணின் வில்லை நெகிழ்வை இழந்து, கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் திறன் தளரத் தொடங்கும் வயது. நீயும் யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் எழுதியது, என்னை அடுத்த கோடையில் அழைத்துப் போ என்று கேட்பதற்காகவே. ஆனால் இந்த ஆண்டு போனதுபோல் அல்ல. ஒரே நாளில் 500 கிலோமீட்டர் வேண்டாம், அதில் பாதி போதும். வெயில் ஏறும் முன் புறப்பட்டு, இருட்டும் முன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, யாரும் கேட்டாலும் கேட்காவிட்டாலும், வண்டி நிற்க வேண்டும். நிறுத்தம் என்பது யாரோ ஒருவருடைய தேவையாக இல்லாமல் பயணத்தின் வழக்கமாகவே இருந்தால் எனக்குக் கூச்சம் இருக்காது, பேரனையும் தொந்தரவு செய்ய மாட்டேன். வண்டி நின்றதும் நான் உடனே இறங்க மாட்டேன். உட்கார்ந்தபடியே பாதங்களை ஆட்டிவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, கதவைப் பிடித்துக்கொண்டு எழுவேன். அப்போது “என்னம்மா ஆயிற்று” என்று பதறாதே. மருந்துப் பையை இந்த முறை நீ பின்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டாய். வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரத்தில் வெளியே உள்ளதைவிடப் பதினைந்து, இருபது டிகிரி சூடு ஏறிவிடும். இனி அது என் கைப்பையில் இருக்கும். எங்கள் இருவரின் மருந்துப் பெயர்களையும் அளவுகளையும் தாளில் எழுதி மருமகளுக்கு அனுப்பியிருக்கிறேன். அன்று சாலையோர மருத்துவமனையில் கேட்டபோது, உன்னால் எதையும் சொல்ல முடியாமல் நின்றதை மயக்கத்திலும் நான் பார்த்தேன்.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும், வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்வேன்.

பயணத்தின் நான்காம் நாள் நாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய அந்த ஏரிக்காகப் பேரன் ஆசைப்பட்டு வாங்கிய நீச்சல் வளையம், மூட்டைகளைப் பிரித்தபோது எங்கள் பையில் இருந்தது. காற்று ஊதாமல், உறைகூடப் பிரிக்காமல் அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறேன். அதை அங்கே அனுப்பிவிடட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா என்று எழுது.

அன்புடன்,
அம்மா