பகுதி நலச் சங்கத்தின் ஆண்டறிக்கை 2024–25: உணவு உதவிக்கான செலவுச் சரிபார்ப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொதுக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவும் பயனாளிகள் எண்ணிக்கையும் பொருளாளர் தாக்கல் செய்யும் கணக்கில் உள்ளன. நிர்வாகக் குழுக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. சென்ற பொதுக்குழு ஒப்படைத்த ஒரு வேலையைப் பற்றியதுதான் இவ்வறிக்கையின் பெரும்பகுதி: மாதாந்திர மளிகைப் பைக்கு விண்ணப்பிக்கும் குடும்பத்தின் செலவை எப்படிச் சரிபார்ப்பது?

பையில் அரிசி கிடையாது. ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கேயே உண்டு என்றாலும், அட்டைக்கு ஒரு கிலோ, ஒரு லிட்டர்தான். ஐந்து பேர் சாப்பிடும் வீட்டுக்கு அது மாதக் கடைசி வரை வராது. அதனால் நம் பையில் பருப்பு 2 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், கொண்டைக்கடலை 1 கிலோ, பாசிப்பயறு அரைக்கிலோ, முட்டை 30, புளி, வத்தல், உப்பு.

யாருக்குக் கொடுப்பது என்பதில் தகராறு இல்லை. மாத வருமானத்தில் தவிர்க்க முடியாத செலவைக் கழித்து, மிச்சத்தைத் தலைக்கு வகுத்தால் 1,500 ரூபாய்க்குக் கீழே வரும் குடும்பம் தகுதியானது. சிக்கல் அந்தச் செலவைத் தாளில் காட்டச் சொல்வதில் இருந்தது. வாடகை ரசீது, கரண்ட் பில், மருந்து பில், குழுக்கடன் அட்டை என்று கேட்டால், மிகவும் நொடித்த வீட்டிலிருந்துதான் எதுவும் வராது.

வாடகையை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியில் மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் வளவு வீடுகளில், அதாவது ஒரே வளாகத்துக்குள் வரிசையாக உள்ள வாடகை வீடுகளில், குடியிருப்போருக்கு ரசீது கொடுக்கும் வழக்கமே இல்லை. கேட்டால், வீட்டுத் தீர்வை கூடிவிடும் என்று உரிமையாளர் பயப்படுகிறார்; அடுத்த மாதம் காலி செய்யச் சொன்னாலும் சொல்லிவிடுவார். ஆகவே ரசீது கேட்பதை நிறுத்திவிட்டோம். விண்ணப்பதாரர் சொல்லும் தொகையை அதே வளவில் குடியிருக்கும் இன்னொரு வீட்டின் வாடகையோடு ஒப்பிட்டால் போதும்; 500 ரூபாய்க்குள் வித்தியாசம் இருந்தால் சொன்னதையே ஏற்கிறோம். மொத்தமாகப் பணம் கொடுத்து மாத வாடகை இல்லாமல் ஒத்திக்கு இருப்பவர்களுக்கு வாடகை பூஜ்யம் என்று எழுதிவிடக் கூடாது. ஒத்திப் பணத்தை வட்டிக்கு வாங்கியிருந்தால் அந்த வட்டிதான் அவர்கள் வாடகை. படிவத்தில் இதற்குத் தனிக் கட்டம் சேர்த்திருக்கிறோம்.

மின்சாரத்திலும் இதே கதை. வளவு முழுவதற்கும் ஒரே இணைப்பு, உரிமையாளர் பெயரில். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை அந்த இணைப்போடு நின்றுவிடுகிறது. உள்ளே குடியிருப்பவர் சப்-மீட்டரைப் பார்த்து முதல் யூனிட்டிலிருந்தே பணம் கட்டுகிறார். அவர் பெயரில் பில் கேட்பது வீண். மின்சாரம், சிலிண்டர், கைப்பேசி மூன்றுக்கும் சேர்த்து நான்கு பேர் வரையுள்ள வீட்டுக்கு 1,200 ரூபாய், அதற்கு மேல் 1,500 என்று நிலையான தொகை வைத்துவிட்டோம். படிக்கும் பிள்ளை ஒன்றுக்கு 300. இவற்றுக்கு எந்தத் தாளும் கேட்பதில்லை.

இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவின் ஸ்னாப் உணவு உதவியில் மின்சாரம், எரிவாயுச் செலவுக்கு நிலையான தொகையைக் கழிக்கும் ஏற்பாடு உண்டு. அங்கே முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் மாதம் 35 டாலருக்கு மேலான மருத்துவச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். ரசீது சேர்க்கும் தொல்லையால் பலர் அதைக் கேட்பதே இல்லை. அதனால் பல மாநிலங்கள் அதற்கும் நிலையான தொகை வைத்தன. நாம் எடுத்துக்கொண்டது அந்த யோசனையை மட்டும். தொகைகள் நம் ஊர்க் கணக்கு.

மருத்துவச் செலவில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை இலவசம்தான். செலவாவது அங்கே ஸ்டாக் இல்லாத மருந்துக்கும், வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனைக்கும், நோயாளியோடு போகிறவரின் ஒருநாள் கூலிக்கும். கடைசியாகச் சொன்னதற்கு உலகத்தில் எங்கும் பில் கிடையாது. ஆகவே நாள்பட்ட நோய்க்கான ஓபி சீட்டைக் காட்டினாலே 500 ரூபாய் கழிக்கிறோம். அதற்கு மேல் செலவு என்பவரிடம் மட்டும் ஒரு மாதத்து மருந்துக்கடை பில்களைக் கேட்கிறோம். அந்தப் பில்கள் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். மணிபர்சில் வைத்திருந்தால் ஓரிரு மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். தன்னார்வலர்கள் பார்த்த அன்றே தொகையைப் படிவத்தில் குறித்துக் கையெழுத்திட வேண்டும். பில்லை வாங்கிக் கோப்பில் வைப்பதால் பயனில்லை.

கடன் தவணையில் உச்சவரம்பு 2,000 ரூபாய். குழுக்கடனுக்கு அட்டை இருக்கிறது, பார்த்தால் போதும். கந்துவட்டிக்குச் சீட்டும் இருக்காது, கொடுத்தவர் பெயரைச் சொல்லவும் மாட்டார்கள், கேட்கவும் கூடாது. தொகையை மட்டும் குறிக்கிறோம். வரம்பு எதற்கு என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். வரம்பு இல்லாவிட்டால், அதிகம் கடன் வாங்கியவர் கணக்கில் அதிக ஏழையாகிவிடுவார். கடனுக்குப் பயந்து அரைவயிறு உண்பவர் பின்னுக்குப் போய்விடுவார்.

பீடி சுற்றும் வீடுகளில் கழிக்க வேண்டிய இன்னொன்று இலை. கூலிக்குச் சுற்றத் தரும் பீடிக் கடையில் கொடுக்கும் இலை ஆயிரம் பீடிக்குப் பற்றாமல் போனால், குறையை வெளியே காசு கொடுத்து வாங்கித்தான் கணக்கை நிரப்புகிறார்கள். பாஸ்புத்தகத்தில் கூலி தெரியும், இந்த இலைக்காசு தெரியாது. வாரத்துக்கு எவ்வளவு இலை வெளியே வாங்கினீர்கள் என்று கேட்டு, கூலியில் கழித்த பிறகே வருமானம் எழுத வேண்டும்.

இனி, தாளை எப்போது கேட்பது? முதலில் அவர்கள் வாயால் சொல்லும் தொகையை வைத்தே கணக்குப் போடுகிறோம். தலைக்கு 1,000 ரூபாய்க்குக் கீழே வந்தால் அத்தோடு ஒப்புதல். 2,000க்கு மேலே போனால் இல்லை. நடுவில் விழும் வீடுகளுக்கு மட்டுமே சரிபார்ப்பு. 1,000க்குக் கீழே வரும் வீட்டில் தாள் கேட்காதது ஏன் என்பதற்கு ஒரு காட்டு: நான்கு பேர் வீடு, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், வருமானம் 11,000. வாடகை 3,000, நிலையான தொகை 1,200, பிள்ளைகளுக்கு 600, மருந்து 900, கடன் 2,400 என்கிறார்கள். கடனில் 2,000தான் எடுப்போம். மிச்சம் 3,300, தலைக்கு 825. மருந்துக்கு 500 மட்டுமே எடுத்தாலும் 925தான் வரும். பில்லைப் பார்த்து மாறப்போவது ஒன்றுமில்லை. எதற்கு அவர்களை அலையவிட வேண்டும்?

ஏமாற்றிவிட மாட்டார்களா என்ற கேள்விக்கு: செலவைக் கூட்டிச் சொல்வதைவிட வருமானத்தில் ஒன்றை விட்டுவிடுவதே வழக்கம், பெரும்பாலும் முதியோர் உதவித்தொகையையும் வெளியூர்ப் பிள்ளை அனுப்பும் பணத்தையும். ஆகவே வீட்டுக்குப் போகும் தன்னார்வலர்கள் இருவரும் வருமானத்தைக் கேட்டறிவதில் நேரத்தைச் செலவிட வேண்டும். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை வருமானத்தில் சேர்ப்பதில்லை என்று நிர்வாகக் குழு முடிவு செய்தது. அரசு பெண்கள் கையில் கொடுப்பதை நாம் பையைக் குறைத்துப் பறிக்கக் கூடாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாள்களை இழந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்குப் பக்கத்து வீட்டார் இருவர் கையெழுத்து போதும். ரேஷன் அட்டை நகலுக்கு இ-சேவை மையத்துக்கு நாமே அழைத்துச் செல்கிறோம். ஆதார் நகல் வாங்குவதில்லை, கடைசி நான்கு எண்கள் மட்டும். பை கொடுக்கும்போது புகைப்படம் கிடையாது. மறுபரிசீலனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. உதவித்தொகையை மட்டும் நம்பி இருக்கும் தனி முதியோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள். ஒன்று, நிலையான தொகைகளை ஆண்டுதோறும் ஏப்ரலில் சிலிண்டர் விலையைப் பார்த்துத் திருத்துவது. மற்றொன்று, ஒப்புதல் இல்லை என்றால் காரணத்தை ஒரே வரியில் எழுதிக் கொடுப்பதும், 15 நாளுக்குள் வேறு இரு தன்னார்வலர்கள் மறுபடி பார்ப்பதும்.

இவண்,
செயலாளர்